மூடிய நாளில் உடைந்த முழங்கை

சட்டத்தில் குழப்பம் ஏதுமில்லை. வீட்டுப் பணியாள் என்பவர் ஒரு குடும்பத்தின் வீட்டு வேலைக்காக மட்டுமே அமர்த்தப்பட்டவர். அதே வீட்டில் முதலாளி ஒரு தொழில் நடத்தி, அந்தத் தொழிலுக்காக ஒருவரை வைத்திருந்தால் அவர் வீட்டுப் பணியாள் அல்லர், தொழிலாளி. தொழிலாளிக்குச் சம்பளத்தோடு பொது விடுமுறை உண்டு. விடுமுறை நாளில் வேலைக்கு வந்தால் அன்றைய சம்பளத்துக்கு மேல் இன்னும் இரண்டு நாள் சம்பளம் உண்டு. வேலையில் அடிபட்டால் காப்புறுதி உண்டு. இத்தனையும் அச்சில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும். படிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த ஓர் அலுவலகத்துக்கு இதைப் புரியவைக்க எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது.

மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் என் வீட்டிலேயே குழந்தைக் காப்பகம் நடத்தினேன். அதை மூடி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக் காப்பகம் நடத்தும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து மட்டும் என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. போன மாதம் அதில் ஷாலினி என்ற இளம்பெண் கேட்டிருந்தாள்: "டீச்சர், லீவு நாளைக்குக் கட்டணத்தக் கழிக்கச் சொல்லி பேரண்ட்ஸ் சண்டைக்கு வாராங்க. கழிச்சா என் ஹெல்பருக்கு அன்னைக்குச் சம்பளம் எங்கேருந்து குடுக்குறது?" கீழே ஏழு பெண்கள் யோசனை சொல்லியிருந்தார்கள். பாதி கழிக்கலாம், பிள்ளைக்கு ஒரு பரிசு கொடுத்துச் சமாளிக்கலாம், சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றலாம். சிரித்துச் சமாளிப்பதை ஒரு நிர்வாக முறையாக எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை. "கழிக்காதே. விவரம் பிறகு" என்று எழுதினேன். அந்த விவரம்தான் இது.

கோலா கங்சாருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். ஐந்தாம் படிவம் தேறியதும் அந்தத் தோட்டத்து ஆபீசிலேயே சின்ன கிராணியாக, எழுத்தர் வேலை கிடைத்தது. பயிற்சி மூன்று மாதம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: கூட்டத் தெரிந்தவளுக்குக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சொல்லிக்கொடுத்தவர் பெரிய கிராணி. குரலை உயர்த்தாத மனிதர். சட்டைப்பையில் இரண்டு பென்சில், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணும்போது நீலம். சம்பளம் போடும்போது சிவப்பு. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று யாராவது ஏதாவது கேட்டால், தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் மெல்லத் தலையாட்டுவார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போவார். அந்தத் தலையாட்டலுக்கு எந்தக் காகிதமும் கிடையாது என்பது மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

அவருக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருந்தது. விடுமுறைக்கு முதல் நாளும் மறுநாளும் வேலைக்கு வந்திருக்க வேண்டும். அனுமதியில்லாமல் வராதவருக்கு விடுமுறைச் சம்பளம் இல்லை. விதி உண்மையானதுதான். தக்க காரணம் இருந்தால் வெட்டக்கூடாது என்று அதே விதியின் வால் சொல்கிறது. வாலை அவர் படித்துக்காட்டியதில்லை. தீபாவளிக்கு மறுநாள் பெரட்டில் ஆள் குறைந்திருந்தால் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

ஒரு டிசம்பர் இருபத்து நான்கு. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை செய்த மேரி அக்கா ஜன்னலுக்கு வந்தார். தாய்மார் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகை அது. மேரி அக்கா அங்கே ஆயா. தைப்பிங் ஆஸ்பத்திரியில் தன் அம்மா முடியாமல் கிடப்பதாகச் சொல்லி, அன்று ஒரு நாள் லீவு கேட்டார். பெரிய கிராணி தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆட்டினார். மேரி அக்கா பஸ் பிடிக்க ஓடினார்.

கிறிஸ்மஸ் முடிந்து நான் செக்ரோல் என்ற வருகைப் பேரேட்டைத் திறந்தபோது பெரிய கிராணி சொன்னார்: "மேரி, இருபத்து நாலு ஆப்சென்ட். கிறிஸ்மஸ் சம்பளத்த வெட்டு."

"நீங்கதானே சார் போகச் சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? தலைய ஆட்டினேன். தலையாட்டினதுக்கு ஃபைல்ல எடமில்லம்மா."

சிவப்புப் பென்சிலை நீட்டினார். நான் வாங்கி வெட்டினேன். எனக்குப் பத்தொன்பது வயது என்பதைச் சாக்காகச் சொல்லலாம், சொல்லப்போவதில்லை. சம்பள நாளன்று மேரி அக்கா ஜன்னலில் நின்று என்னைத்தான் பார்த்தார்.

"அவரு தலையாட்டினத நீயும் பாத்தல்ல, சரசு?"

"பாத்தேன்க்கா."

"பொறவு?"

நான் சம்பள உறையை ஜன்னல் வழியே நீட்டினேன்.

தோட்டம் பிற்பாடு விற்கப்பட்டது. மரங்கள் போய் வீடுகள் வந்தன. நானும் என் கணவரும் புந்தோங்கில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தோம். பத்துக்குக் குறைவான பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்க உரிமம் தருகிறார்கள் என்று தெரிந்ததும், பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, முன் கூடத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, முயல் படம் போட்ட திரைச்சீலை மாட்டி, காப்பகத்தைத் தொடங்கினேன். உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நாட்களில் புந்தோங் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மேரி அக்காவைப் பார்த்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறீர்களா என்று கேட்டேன். எவ்வளவு தருவாய் என்று அவர் கேட்கவில்லை.

"லீவு நாளைக்குச் சம்பளம் உண்டா?"

"உண்டுக்கா."

"எழுத்துல?"

"எழுத்துல."

"அப்ப வாரேன்."

எழுத்தில்தான் கொடுத்தேன். வேலைக் கடிதம், மாதாமாதம் காப்புறுதிச் சந்தா எல்லாம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசி வாரத்தில் அடுத்த ஆண்டுக்கான பதினொரு விடுமுறை நாட்களைத் தட்டச்சு செய்து இரும்புக் கதவில் ஒட்டுவேன். தமிழ், மலாய், ஆங்கிலம். சட்டம் விட்டுக்கொடுக்காத ஐந்து நாட்கள், நாங்கள் இருவரும் பேசி எடுத்த ஆறு நாட்கள். அடியில் ஒரு வரி: "இந்நாட்களில் காப்பகம் மூடியிருக்கும். மாதக் கட்டணத்தில் கழிவு இல்லை." அதே கையோடு வருகைப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பதினொரு பக்கங்களிலும் குறுக்காகச் சிவப்பு மையில் 'விடுமுறை' என்று எழுதிவிடுவேன். ஆண்டு பிறக்கும் முன்பே அதன் விடுமுறைகளை முடித்து வைத்த திருப்தியில் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

கழிவு இல்லை என்ற வரியோடு ஆண்டுதோறும் யாராவது மல்லுக்கு நிற்பார்கள். அவர்களில் விடாக்கண்டன் பிரகாஷ். கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவர் மனைவி தேவி ஆஸ்பத்திரியில் தாதி. அவர்களின் இரண்டு வயது மகள் நிலா என் காப்பகத்துப் பிள்ளை.

"ஓட்டல்ல சாப்பிடாத நாளுக்கு யாராச்சும் காசு கட்டுவாங்களா, டீச்சர்?"

"ஃபேக்டரிக்குப் போகாத லீவு நாளுக்கு உனக்குச் சம்பளம் வருதா இல்லியா, தம்பி?"

"அது சட்டம் லா, டீச்சர்."

"என் வீட்டு வாசல்ல மட்டும் சட்டம் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வெளியவே நிக்குமா?"

கட்டிவிட்டுத்தான் போவார். முணுமுணுப்பு இலவசம்.

அந்த ஆண்டு பேரா சுல்தான் பிறந்தநாள் விடுமுறை நவம்பர் இரண்டாம் தேதி வந்தது, வெள்ளிக்கிழமை. அடுத்த செவ்வாய் தீபாவளி. புதன்கிழமை மாலை நிலாவைக் கூட்டிப்போக வந்த பிரகாஷ் கதவருகே நின்றார்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை ஃபேக்டரியில மூணு மடங்கு குடுக்குறான். தேவிக்கு மார்னிங் ஷிஃப்ட். ஒரே ஒரு நாள் நிலாவப் பாத்துக்குங்க லா."

"நோட்டீஸ் பாத்தியா?"

"பாத்தேன். அதனாலதான் கேக்குறேன். மூடுற நாளுக்கும் நீங்க காசு வாங்கிட்டீங்க. அப்ப அந்த நாள் நாங்க வாங்கின நாள்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வாழ்க்கையில் செய்த பெரிய தவறுகள் பெரும்பாலும் சிரித்தபோது செய்தவை. மேரி அக்காவைக் கேட்டேன். "சட்டப்படி கணக்கு உண்டுல்ல?" என்றார். உண்டு என்றேன். "அப்ப வாரேன். நிலா ஒருத்திதானே, பாவம் பிள்ள."

இங்கேதான் என் படிப்பு என்னைக் கைவிட்டது. ஒரு பிள்ளைக்குத் திறந்தால் மற்ற பெற்றோரும் வரிசையில் நிற்பார்கள் என்று கதவிலிருந்த பட்டியலை நான் திருத்தவில்லை. பதிவேட்டில் சிவப்பு மை காய்ந்து கிடந்த பக்கத்தில் நிலாவின் பெயரை எழுதினால் பக்கம் அசிங்கமாகிவிடும் என்று எழுதவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முறுக்கு அச்சு வாங்க டவுனுக்குப் போனேன். வீட்டில் மேரி அக்காவும் நிலாவும் மட்டும். பதினொன்றே காலுக்குத் தொலைபேசி.

"சரசு, பிள்ளைக்கு ஒன்னும் இல்ல. நீ வா."

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று தொடங்கும் செய்தி எப்படி முடியும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஓடி வந்தேன். குளியலறை வாசலில் மேரி அக்கா உட்கார்ந்திருந்தார். மடியின் இடப்பக்கம் நிலா, வாயில் பிஸ்கட். வலது கை, கை மடங்காத பக்கமாக மடங்கியிருந்தது. தூங்கி எழுந்த நிலாவுக்கு வயிற்றோட்டம். கழுவிவிடத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போன மேரி அக்கா ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார்.

ஈரம் ஏன் வந்தது? குளியலறை மூலையில் ஒரு வாளி. அதில் சோப்பு நுரைக்குள் மூன்று திரைச்சீலைகள். இரண்டு பிள்ளைகள் கூடத்து முயல்கள். ஒன்று என் படுக்கையறை நீலம்.

"நிலா தூங்கிட்டா. சும்மா உக்காந்திருக்க முடியல. ஒனக்குத் தீபாவளி வருதேன்னு கழட்டி ஊற வெச்சேன்" என்றார் மேரி அக்கா. துவைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட என் மனம் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விபத்து நடந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் முதலாளி தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது விதி. வெள்ளி, சனி, ஞாயிறு காப்புறுதி அலுவலகம் மூடியிருந்தது. அவர்களுக்கும் விடுமுறை, சம்பளத்தோடு. சனிக்கிழமையே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, திங்கள் காலை கதவு திறக்கும்போது முதல் ஆளாக நின்றேன். கையில் கோப்பு: விண்ணப்பப் பாரம், வேலைக் கடிதம், சந்தா ரசீதுகள், விபத்து நடந்த இடத்தின் படங்கள். கூடவே, அன்று விடுமுறை ஆதலால் மேரி அக்காவின் அன்றைய சம்பளம் மூன்று மடங்கு என்று காட்ட, கதவிலிருந்த விடுமுறைப் பட்டியலின் நகல். அதை யாரும் கேட்கவில்லை. நானே இணைத்தேன், முன்மாதிரி முதலாளியாக.

கவுண்டரில் இருந்தவர் நம் தமிழ்ப் பிள்ளை. முப்பது வயதிருக்கும். நல்ல மரியாதை. கோப்பைப் புரட்டியவர் படங்களில் நின்றார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் கூடம் தெரிந்தது. ஜன்னல்கள் மொட்டையாக நின்றன.

"ஆண்டி, நாளைக்குத் தீபாவளி."

"தெரியும், தம்பி."

"கர்ட்டன எல்லாம் கழட்டியிருக்கீங்க."

"ஆமா."

"நீங்க குடுத்த நோட்டீஸ்படி அன்னைக்குக் காப்பகம் மூடியிருக்கு." பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார். "அப்ப இவங்க உங்க வீட்டக் கழுவத்தானே வந்திருக்காங்க? நம்ம வீட்டுத் தீபாவளி எனக்குத் தெரியாதா, ஆண்டி?"

"அவங்க கிறிஸ்தவங்க. தீபாவளி கும்பிடுறவங்க இல்ல."

"அதனால என்னா? எங்க வீட்டுல முறுக்குச் சுடுறதே பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆண்டிதான்."

மலாய்க்காரரோ சீனரோ அந்தக் கவுண்டரில் இருந்திருந்தால் திரையில்லாத ஜன்னலைப் பார்த்து எதுவும் தோன்றியிருக்காது. நம்மைக் கவிழ்க்க நம்மவர் வேண்டும்.

ஜனவரியில் கடிதம் வந்தது. முதலாளியின் அறிவிப்பின்படியே அன்று தொழில் நடைபெறவில்லை, தொழில் நடைபெறாத நாளில் அந்த இடம் குடியிருப்பு மட்டுமே, காயமடைந்தவர் வீட்டு வேலையில் இருந்துள்ளார், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. என்னிடம் பதினொரு ஆண்டுகள் பிள்ளைகளைப் பார்த்த மேரி அக்காவைக் கடிதம் 'பெம்பந்து ரூமா' என்றது. வீட்டு வேலைக்காரி.

அதற்குள் மேரி அக்காவின் முழங்கையில் தகடும் திருகாணியும் வைத்திருந்தார்கள். கை நீளவும் மறுத்தது, மடங்கவும் மறுத்தது. காப்பி குடிக்க வேண்டுமென்றால் குவளை வாய்க்கு வராது; வாய்தான் குவளையிடம் போக வேண்டும். மருத்துவமனை விடுப்புக்குச் சட்டம் சொல்லும் அறுபது நாள் சம்பளத்தையும் கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகு சட்டப்படி நான் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. அறுபதைத் தொட்ட, ஒரு கை வராத ஆயாவை வேலைக்கு வைக்க இந்த ஊரில் ஆளில்லை. இந்தக் கோரிக்கை தோற்றால், வாடகை அறையில் தனியாக இருக்கும் அவருக்கு மாதம் பிறந்தால் கையில் எதுவும் வராது. முறையீடு செய்ய வேண்டும். முறையீட்டில் எதை எழுதுவது என்பதுதான் சண்டை.

"வாளிய எழுதாத, சரசு" என்றார் மேரி அக்கா. "வாளி எழுதினா என் கை போச்சு."

"சாயங்காலம் பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்த தேவி வாளியப் பாத்திருக்கு. நாளைக்கு அதக் கேட்டா அது பொய் சொல்லணுமா?"

"நான் என்னா, ஒன்னோட கர்ட்டன அலசிக்கிட்டிருக்கும்போதா விழுந்தேன்? பிள்ள கையில இருந்திச்சு."

"அதத்தான்க்கா எழுதணும்."

இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "எழுது. ஆனா பிள்ளைய மொதல்ல எழுது. வாளியப் பின்னால எழுது."

நாற்பது ஆண்டுகள் கடிதம் எழுதியவள் நான். இதைவிட நல்ல ஆலோசனையை எந்த மேலதிகாரியும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்த இடைஞ்சல் என் மகள். காம்பாரில் ஆசிரியை. தொலைபேசியில் கத்தினாள்.

"மூடுனேன்னு சொன்ன நாள்ல தெறந்தேன், நான் வீட்டுலயும் இல்லன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா? மார்ச்சுல உங்க லைசென்ஸ் ரினியூவல்மா. புதுப்பிக்க மாட்டாங்க."

"புதுப்பிக்கலேன்னா மூடிடுறேன்."

"மூடிட்டு?"

"மூடிட்டா தினமும் லீவுதான். கழிவு கேக்க ஒருத்தனும் வரமாட்டான்."

நிலா அன்று என் வீட்டில் இருந்தாள் என்று சொல்லப் பெற்றோர் கையெழுத்து தேவைப்பட்டது. அன்றைய மூன்று மடங்குச் சம்பளம் ஏறிய பட்டியலைக் காப்புறுதி அலுவலகத்தில் காட்டியபோது, மாதக் கடைசியில் போட்டதுதானே, எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நியாயமான சந்தேகம். பிரகாஷிடம் தாளை நீட்டினேன். அதைத் தொடாமலே படித்தார்.

"கேஸு கீஸுன்னு கோர்ட்டுக்குக் கூப்பிட்டா யாரு போறது, டீச்சர்? எனக்கு லீவு கெடைக்காது."

"ஒனக்குப் பொது விடுமுறையிலேயே வேலை. கோர்ட்டு தெறக்குற நாள்ல லீவு எப்படிக் கெடைக்கும்?"

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். அன்று மாலையே தேவி வந்தார், தாதிச் சீருடையைக்கூட மாற்றாமல். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "டாக்டர் ரிப்போர்ட் இருக்கா, டீச்சர்?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சமையலறை விளக்கடியில் நின்று படித்தவர், திடீரென்று இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"வழுக்கினா மனுசன் என்னா செய்வான்? கைய ஊனுவான். உள்ளங்கை தரையில படும். மணிக்கட்டு ஒடையும். தெனமும் வார்டுல பாக்குறேன். மேரி அக்காவுக்கு மணிக்கட்டுல கீறல்கூட இல்ல. முழங்கை நேரா தரையில மோதியிருக்கு. கைய ஏன் ஊனல? ஊனுற கையில என் மக இருந்தா."

சொல்லிவிட்டு, கைகளை அவிழ்க்காமலே அழுதார். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டேன். அதன் கீழேயும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

முறையீடு இரண்டு பக்கம். முதல் வரியில் பிள்ளை: 'விழுந்தபோது தொழிலாளியின் கைகளில் இருந்தது, இரண்டு வயதுக் குழந்தை.' அடுத்து முழங்கை. அடுத்து தேவியின் கையெழுத்து. பிறகு என் குற்றங்கள்: மூடியதாக அறிவித்த நாளில் திறந்தேன், அறிவிப்பைத் திருத்தவில்லை, பதிவேட்டில் எழுதவில்லை, வீட்டிலும் இல்லை. இவை என் தவறுகள். இவற்றுக்கான தண்டனையை என் பெயருக்கு அனுப்பவும், தொழிலாளியின் முழங்கைக்கு அனுப்ப வேண்டாம். கடைசிப் பத்தியில் வாளி: மூன்று திரைச்சீலைகள், இரண்டு காப்பகத்தினுடையவை, ஒன்று என்னுடையது. இதை எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. 'அன்று என் வீடு வெறும் வீடு மட்டுமே என்று அலுவலகம் கருதினால், அன்று காலை ஏழு மணிக்குத் தந்தையால் கொண்டுவந்து விடப்பட்ட குழந்தை நிலா எனக்கு என்ன உறவு என்பதையும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன். மகள் கடைசி வாக்கியத்தை எடுக்கச் சொன்னாள். தட்டச்சில் ஏறிவிட்டது என்றேன்.

கொடுத்தது பிப்ரவரியில். அதன் ஒரு நகலை உரிமம் தரும் அலுவலகத்துக்கும் நானே அனுப்பினேன். பிறர் சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்லிக் கேட்கட்டும் என்று. ஓர் அம்மாள் வந்து கூடத்தை அளந்து, பதிவேட்டைப் புரட்டி, எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டு உரிமத்தைப் புதுப்பித்தார். ஒரே நிபந்தனை: திறக்கும் நாள் எதுவானாலும் பதிவேட்டில் இருக்க வேண்டும். நியாயம்தான். ஒரு மாதத்தில் முடிந்தது.

காப்புறுதி அலுவலகம் முடிக்கவில்லை. மாதம் ஒரு முறை போனேன்.

"மேல போயிருக்கு, ஆண்டி."

"மேலன்னா எத்தனாவது மாடி?"

"மேலன்னா மேல லா, ஆண்டி."

கட்டடத்துக்கு இரண்டே மாடி. இரண்டிலும் ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு நினைவூட்டல் கடிதம், நகலில் அவர்கள் முத்திரை. ஆறாவது முத்திரை குத்தும்போது அந்தக் கவுண்டர் பையன் என் முகத்தைப் பார்க்காமல், "எங்கம்மா கேட்டாங்க, அந்த மேரி ஆண்டி கை எப்படி இருக்குன்னு" என்றான். வீட்டில் சொல்லியிருக்கிறான். மடங்கவில்லை என்றேன். அன்று முதல்முறையாக எனக்கு ஒரு நாற்காலி போட்டான்.

ஷாலினிக்கு இனி நேராகச் சொல்கிறேன். கட்டணத்தைக் கழிக்காதே. நீ கழிப்பது உன் உதவியாளரின் விடுமுறையை. பட்டியலை ஒட்டு. மூடும் நாளில் மூடு. சண்டை போடும் பெற்றோரிடம் அவருடைய சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல். மனம் இளகி ஒரு நாள் திறந்தாயானால், திறந்தேன் என்று அன்று காலையே பேனாவால் எழுது. பக்கம் அசிங்கமாகட்டும். உனக்கு யோசனை சொன்ன ஏழு பேரும், முழங்கை உடைந்தால் உன்னோடு மாடி ஏறி வரமாட்டார்கள்.

பதில் தபாலில் வந்தது. ஒரே தாள். விபத்து வேலையின்போது நேர்ந்ததாக ஏற்கப்படுகிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான தொகை வழங்கப்படும். நிரந்தர ஊனத்தை மதிப்பிட மருத்துவக் குழுவின் முன் வரவும். மன்னிப்பு இல்லை, தாமதத்துக்குக் காரணம் இல்லை, நிலா எனக்கு என்ன உறவு என்ற கேள்விக்கும் பதில் இல்லை. மேரி அக்காவின் அறைக்கு நடந்தே போனேன். கடிதத்தை இடது கையால் வாங்கி, மலாய் எழுத்துகளைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"என்னா போட்டிருக்கான்?"

"ஏத்துக்கிட்டான்க்கா."

"வாளி?"

"வாளியப் பத்தி ஒரு வார்த்த இல்ல."

"அதுக்குத்தான் பின்னால எழுதச் சொன்னேன்."

கடிதத்தின் தலையில் அச்சாகியிருந்தது மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அது அவர்கள் கையெழுத்திட்ட நாள். அதை ஏற்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. மேரி அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, வலது மூலையில், அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்த நாளை எழுதினேன்: அக்டோபர் மூன்று, வியாழக்கிழமை.